ஞாயிறு பத்தியில் வரும் ‘உள்ளிட்டோர்’ யார்?

தெற்காவணி:

மதுரைப் பதிப்போடு ஞாயிறுதோறும் ஒரு நாலு பக்க இணைப்பு வருகிறதே, அதில் ஊர் விசேஷங்களைப் பற்றி ஒருவர் பத்தி எழுதுகிறார். பத்திரிகை பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். படிப்பவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்கு நஷ்டமில்லை.

நான் அவருடைய நெடுநாள் வாசகன். எதிரி இல்லை. ஆனால் போன வாரம் மீனாட்சி திருக்கல்யாணம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முதல் பாரா, ஒரு சின்னத்திரை நடிகையை எந்த வாசல் வழியாக உள்ளே அழைத்து வந்தார்கள் என்பது. அடுத்த பாரா, அவர் கட்டியிருந்த மாம்பழ நிறப் பட்டு. அதற்கடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிரமுகர்கள், பதவி வரிசைப்படி. கடைசியில் நடிகைக்கு மதுரை என்றாலே ஜிகர்தண்டா ஞாபகம் வருமாம். ஏன் யாருக்குமே இந்த ஊருக்கு வந்தால் வேறு எதுவும் ஞாபகம் வருவதில்லை? முடிவில் வழக்கம்போல ‘உள்ளிட்டோர் கலந்து கொண்டனர்’.

அன்றைக்குக் கல்யாணத்துக்கு வந்த உண்மையான விஐபிகள் யார்? தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். கூடவே முருகன், தெய்வானையோடு அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்க்க வருகிறார். மேடையில் மங்கல நாண் பூட்டும் அதே நிமிடத்தில் கோயிலுக்குள்ளும் சித்திரை, ஆடி வீதிகளிலும் நிற்கும் பெண்கள் பழைய தாலிக்கயிற்றை மாற்றிப் புதுசு கட்டிக்கொள்கிறார்கள். வெளியே வந்தால் சேதுபதி பள்ளியில் விருந்து, சாமி கல்யாணத்துக்கு மொய். பாரதியார் 1904இல் தமிழ் வாத்தியாராக வேலை பார்த்த அதே பள்ளிதான். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுத்தான் ஜனம் வீட்டுக்குப் போகிறது. சாமி கல்யாணத்துக்கே மொய் எழுதும் ஊர் இது! இதைவிட நல்ல விசேஷச் செய்தி ஒரு பத்தி எழுத்தாளருக்கு எங்கே கிடைக்கும்? ஒரு வரி இல்லை.

இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது, விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று உண்டு. பத்தியின் அடியில் ‘காற்றுவாக்கில்’ என்கிற மாதிரி ஒரு பெட்டி போடுகிறாரே, அதில் மூன்று வாரத்துக்கு முன் ஒரு மெல்லிசைப் பாடகியைப் பற்றி வந்தது. பெயர் இல்லை. எந்த ஏரியா, எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்கு மாறினார், வீட்டுக்காரரோடு என்ன பிரச்சினை என்று ஜாடையாக இரண்டு வரி. சென்னையில் ‘மூன்றெழுத்து நடிகர்’ என்று எழுதினால் பத்துப் பேர் மேல் சந்தேகம் போகும். இங்கே இரண்டு வரியில் ஒரே ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறது. சின்ன ஊர் கிசுகிசுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. இது அவருக்குத் தெரியாதா?

ஜில்ஜில்:

அண்ணே, எல்லாம் சரி. பந்தியில் என்ன போட்டார்கள் என்று இந்த மனுஷன் ஒரு வாரமாவது எழுதியிருக்கிறாரா? அது தெரியாமல் நான் அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.

வைகைக்கரை:

தெற்காவணி ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை இல்லை.

என் அப்பா ரேஷன் கடையில் எடையாளராக இருந்தவர். எங்கள் தெரு அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தைப் பற்றி இதே பத்தியில் நாலு வரி வந்தது. கடைசிப் பெயர் எங்கள் அப்பாவுடையது. அதற்கப்புறம் நீங்கள் கிண்டல் செய்யும் அந்த ‘உள்ளிட்டோர்’. அந்தத் துண்டை அப்பா லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அவர் போய்விட்டார், அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பெரிய பத்திரிகையின் முதல் பக்கத்தில் எங்களைப் போன்றவர்கள் பெயர் வர வேண்டுமென்றால் விபத்தில் சிக்க வேண்டும். உயிரோடு, சட்டை போட்டுக்கொண்டு, நல்ல காரியத்துக்காகப் பெயர் வருவது இந்தப் பக்கத்தில் மட்டும்தான்.

ஆகவே பெயர்ப் பட்டியல் போடுவதைக் குறையென்று சொல்லாதீர்கள்.

தெற்காவணி:

உங்கள் அப்பா பெயர் வந்த அந்தத் துண்டை நானும் மதிக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: இப்போது வரும் பத்தியில் ரேஷன் கடை எடையாளர் பெயர் எத்தனை முறை வருகிறது? பட்டியல் இருப்பது தப்பில்லை, அதற்குள் யார் போக முடியும் என்பதுதான் மாறிவிட்டது. நாதஸ்வரக்காரர், தவில்காரர், தவசிப்பிள்ளை, பூக்கட்டுபவர், பந்தல்காரர் யாரும் அதில் இல்லை. கல்யாணப் படத்தில் நாதஸ்வரத்தின் அனசு, அதாவது அகன்ற அடிவாய், மட்டும் ஓரத்தில் தெரிகிறது, ஊதுகிறவரை வெட்டிவிடுகிறார்கள்.

ஈயஎழுத்து:

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் உள்விவரம் தெரியும். வேறொரு நாளிதழின் டெஸ்கில் நீண்ட காலம் சப்-எடிட்டராக இருந்தேன். இப்போது ஓய்வு.

முதலில் ‘உள்ளிட்டோர்’ என்பது சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அது தலைக்கவசம். ஒரு பெயர் விட்டுப்போனால் விடியற்காலை ஆறு மணிக்கு அலுவலக போன் அடிக்கும். “எங்கள் அண்ணன் பக்கத்தில்தானே நின்றார், அவர் பெயர் எங்கே?” என்று கேட்பார்கள். “உள்ளிட்டோரில் இருக்கிறார்” என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒரு முறை இடம் போதவில்லை என்று அந்த ஒரு சொல்லை நான் வெட்டிவிட்டேன். ஒரு வாரம் எனக்கு டீ கூட நிம்மதியாக இறங்கவில்லை.

இரண்டாவது, இந்த மாதிரிப் பத்தி எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு முழுச் சம்பளம் கிடையாது. பகுதிநேரம். வந்த செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. அப்புறம் தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா சிறப்பிதழுக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும், அதில் கமிஷன். ஆக, ஜவுளிக்கடைத் திறப்பு விழாவைப் பற்றி எழுதும் அதே ஆள்தான் நாளைக்கு அந்த ஜவுளிக்கடைக்காரரிடம் கால் பக்க விளம்பரம் கேட்டுப் போக வேண்டும். அவர் எப்படி “கூட்டம் இல்லை, நடிகை இரண்டு மணி நேரம் தாமதம், வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்” என்று எழுதுவார்? நிகழ்ச்சி முடிந்ததும் கையில் திணிக்கும் கவர் வேறு கதை. வாங்காதவர்களும் உண்டு, அவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வாங்காதவருக்கு அடுத்த அழைப்பு வராது.

மூன்றாவது ஒரு தமாஷ். எங்கள் இணைப்பு ஞாயிற்றுக்கிழமை வரும், ஆனால் வியாழக்கிழமை இரவே அச்சாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை ஒரு நகைக்கடைத் திறப்பு. அதுவும் ஞாயிறன்று வர வேண்டும் என்று விளம்பரப் பிரிவிலிருந்து நெருக்கடி. நம்ம ஆள் அழைப்பிதழை வைத்தே எழுதிக் கொடுத்துவிட்டார். ‘ரசிகர்களின் ஆரவாரத்துக்கிடையே குத்துவிளக்கேற்றி முதல் விற்பனையைத் தொடங்கி வைத்தார்’. அந்த நடிகர் வரவே இல்லை. படப்பிடிப்பு முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மதுரையே படித்தது, அவர் வந்து விளக்கேற்றினார் என்று. ஒரே ஒரு வாசகர் கூடத் தவறைச் சுட்டிக்காட்டி எழுதவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. யாரும் அதைச் செய்தி என்று நம்பிப் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஜில்ஜில்:

வராத நடிகர் விளக்கேற்றியது எங்கள் தெரு கவுன்சிலர் வராத தண்ணீருக்குக் குழாய் திறந்து வைத்ததைவிடப் பரவாயில்லை.

நான்மாடம்:

ஈயஎழுத்து சொல்லும் விளம்பரக் கூத்தை இந்த ஊர்ப் பத்தி எழுத்தாளர் கண்டுபிடிக்கவில்லை. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 2003இலேயே ‘மீடியாநெட்’ என்று ஒரு பிரிவு தொடங்கி, கேளிக்கை இணைப்புகளில் விழாச் செய்திக்கும் பிரபலங்களின் படத்துக்கும் வெளிப்படையாகக் காசு வாங்கியது. பாம்பே டைம்ஸ் இணைப்பின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், இது விளம்பரமும் கேளிக்கை விளம்பரச் செய்தியும் கலந்தது என்கிற பொருளில் ஒரு வரி இருக்கும். பூதக்கண்ணாடி வேண்டும், ஆனால் இருக்கும். நம்மூர் இணைப்பில் அதுவும் இல்லை. செய்தியும் விளம்பரமும் வாசகனுக்குத் தெளிவாகப் பிரித்துத் தெரிய வேண்டும் என்று பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையிலேயே இருக்கிறது.

ஆனால் எனக்கு விளம்பரத்தைவிட அந்தப் பெட்டிதான் முக்கியம். தமிழில் கிசுகிசு எங்கே போய் முடியும் என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய கதை இருக்கிறது. லட்சுமிகாந்தன். இரண்டாம் உலகப்போர் காலம், காகிதத் தட்டுப்பாடு, பத்திரிகை நடத்த அனுமதி வேண்டும். அப்போது ‘சினிமா தூது’ என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கைதான் சரக்கு. எழுதுவதைவிட எழுதாமல் இருப்பதற்கு அதிகம் சம்பாதித்தார் என்று சொல்வார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனு கொடுத்தார்கள், அனுமதி பறிபோனது. மனுஷன் சும்மா இருந்தாரா? ‘இந்து நேசன்’ பத்திரிகையைக் கையில் எடுத்தார். இப்போது சினிமாக்காரர்கள் மட்டுமல்ல, பணக்காரர்கள், வியாபாரிகள் எல்லோரும்.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தினார்கள். மறுநாள் இறந்தார். பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள், 1945இல் ஆயுள் தண்டனை. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். அப்போது லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. பாகவதருக்கு அதற்கப்புறம் பழைய இடம் கிடைக்கவே இல்லை. யார் கொன்றார்கள் என்பது இன்னமும் தெளிவாகவில்லை.

வைகைக்கரை:

தம்பி, எட்டணா பெட்டிச் செய்திக்குக் கொலை வழக்கைக் கொண்டு வருகிறீர்களே. நம்ம ஆள் யாரிடமும் மிரட்டிப் பணம் கேட்டதாக ஒரு பேச்சும் இல்லை.

நான்மாடம்:

இல்லை, ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. அவரை லட்சுமிகாந்தன் என்று சொல்ல வரவில்லை. பெயர் போடாமல் ஜாடை காட்டினால் பொறுப்பில்லை என்று நினைப்பது அந்தக் காலத்திலிருந்தே வருகிற பழக்கம் என்றுதான் சொன்னேன். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. படிப்பவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்தால் போதும், அவதூறு ஆகலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகள், 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. அந்தரங்கம் என்று பார்த்தால், 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ராஜகோபால் தீர்ப்பு நம்மூர் வழக்குதான். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்பது கேள்வி. வெளியிடலாம், பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு அவருடைய சம்மதம் கூடத் தேவையில்லை என்று பத்திரிகை பக்கம் நின்ற தீர்ப்பு அது. அதே தீர்ப்பில்தான், ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது, தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்றும் சொன்னார்கள். மெல்லிசைப் பாடகி அமைச்சரும் இல்லை, அதிகாரியும் இல்லை. அவர் வீட்டுக்காரரோடு பேசுகிறாரா இல்லையா என்பதில் என்ன பொதுநலன்?

சுங்கடி:

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் வாசகர்கள். நான் அந்தப் பத்தியில் வந்தவள், அதனால் நானும் சொல்கிறேன்.

விழாக்களில் தொகுத்து வழங்குவது என் வேலை. ஆவணி, தை மாதங்களில் மூச்சு விட நேரம் இருக்காது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெரிய வரவேற்பில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. மைக் இல்லாமல் அரை மணி நேரம் கூட்டத்தைக் கையில் வைத்திருந்தேன். விடுகதை போட்டேன், மாப்பிள்ளை வீட்டுப் பாட்டியைப் பாடச் சொன்னேன், அவர் தாலாட்டுப் பாடினார், மண்டபமே செல்போன் வெளிச்சத்தில் கேட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல நிகழ்ச்சி அதுதான். இவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், ‘எடுப்பான ஜாக்கெட்டில் இளசுகளைக் கட்டிப்போட்டார் தொகுப்பாளினி’. அவ்வளவுதான். மின்சாரம் போனது இல்லை, பாட்டி இல்லை, தாலாட்டு இல்லை. மண்டப உரிமையாளர் மனம் நோகும் என்று மின்சாரத்தை விட்டுவிட்டார் போல.

போன் செய்து கேட்டேன். “பாராட்டித்தானே எழுதினேன் தங்கச்சி” என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. கெட்ட எண்ணம் இல்லாத மனுஷன். அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை. அடுத்த இரண்டு மாதம் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாம் “அந்த மாதிரியே டிரஸ் போட்டு வாங்க மேடம்” என்றார்கள்.

அந்தப் பாடகி யாரென்று எனக்கும் தெரியும், இங்கே இருப்பவர்களில் பலருக்கும் தெரியும். தயவுசெய்து யாரும் பெயரை எழுதிவிடாதீர்கள். குழு மாறியதற்குக் காரணம் சம்பளப் பாக்கி. அதை எழுதியிருந்தால் நாலு பாடகர்களுக்கு உதவியிருக்கும்.

ஈயஎழுத்து:

சம்பளப் பாக்கி! இதுதான் செய்தி. விசேஷ சீசனில் இந்த ஊரில் மைக்செட், மெல்லிசை, தவில், பரிமாறுகிறவர்கள் என்று எவ்வளவு பேருக்குப் பணம் கைக்கு வருவதில்லை என்று ஒரு பத்தி எழுதினால் போதும், ஊரே பேசும். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை என்ன விலைக்கு ஏறுகிறது என்று எழுதலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கினார்கள், மணப்பெண் தலையில் எத்தனை முழம் வைக்கிறார்கள் என்று எழுத ஆளில்லை. விசேஷப் பத்தி என்பதே ஒரு கேவலமான வேலை என்று நினைக்கிறவன் இல்லை நான். நல்ல ஆள் எழுதினால் ஊரின் வரவு செலவுக் கணக்கே அதில் தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் டெஸ்கில் ஒரு பெரியவர் சொல்வார், கல்யாண வீட்டுக்குப் போனால் மேடைக்குப் போகாதே, கொல்லைப்புறம் போ என்று. அடுப்படியில் எல்லாச் செய்தியும் கிடைக்குமாம்.

வைகைக்கரை:

சுங்கடி அக்கா எழுதியதைப் படித்த பிறகு என்னால் முன்பு போல வக்காலத்து வாங்க முடியவில்லை. பெயர்ப் பட்டியல் இருக்கட்டும் என்பதில் மாற்றமில்லை. அந்தப் பெட்டி போக வேண்டும். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

நான்மாடம்:

முதல் படி ஆசிரியருக்குக் கடிதம். பத்தி எழுத்தாளருக்கு அல்ல. பத்திரிகையின் கடைசிப் பக்க அடியில் அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர் கட்டாயம் இருக்கும், அந்த முகவரிக்கு. எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி, ஏன் தவறு என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் பிரஸ் கவுன்சில். நாளிதழ், வார இதழ் என்றால் வெளிவந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும், ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். கவுன்சில் அபராதம் போடாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். பல் இல்லாத வாய்தான், ஆனால் ஆசிரியர்கள் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடுவதில்லை.

தெற்காவணி:

கடிதத்தை எழுதிவிட்டேன். பாடகியைப் பற்றிய அந்த வரிகளை மறுபடி எடுத்து எழுதவில்லை. கடிதத்திலேயே வதந்தியைப் பரப்பிய பாவம் எனக்கு வேண்டாம். அந்தப் பெட்டியில் ஊர்க்காரர்களின் குடும்ப விஷயம் வரக் கூடாது, கடைத் திறப்பு விழாச் செய்திக்கு மேலே ‘விளம்பரம்’ என்று போட வேண்டும், இந்த இரண்டு மட்டும் கேட்டிருக்கிறேன். பதிவுத் தபாலில் போட்டாயிற்று. வைகைக்கரை, உங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டேன், அனுமதி கேட்காமல். மன்னிக்கவும்.

வைகைக்கரை:

நல்லது ஐயா. ‘உள்ளிட்டோர்’ என்று போடாமல் பெயரையே போட்டீர்களே, அது போதும்.

தெற்காவணி:

பத்து நாள் கழித்து ஒரு தகவல். ஆசிரியரிடமிருந்து பதில் வரவில்லை. நேற்றைய இணைப்பில் அந்தப் பெட்டி இல்லை. அந்த இடத்தில் ஒரு பாத்திரக்கடை விளம்பரம் இருக்கிறது. நம் கடிதத்தாலா, பாத்திரக்கடையாலா என்று சொல்ல முடியாது.

சுங்கடி:

எனக்குப் பாத்திரக்கடை போதும்.

தெற்காவணி:

இன்னொன்று. பத்தியில் ஒரு கல்யாணம் பற்றி எழுதியவர், போகிற போக்கில் ‘அறுசுவை விருந்தில் கருப்பட்டிப் பணியாரமும் வாழைப்பூ வடையும் அனைவரையும் கவர்ந்தன’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். சமைத்தவர் பெயர் இல்லை.

ஜில்ஜில்:

பணியாரமா? எந்த மண்டபம் அண்ணே? அந்தத் தவசிப்பிள்ளை யார் என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள், ஆவணியில் எங்கள் வீட்டில் விசேஷம் இருக்கிறது.